கதவு திறக்காத பத்து வீடுகள்

கூடத்தில் மூவர் இருந்தார்கள். நாற்காலியில் பேனாவுடன் தொட்டையன், கட்டிலில் அவர் மனைவி மாரக்காள், வாசற்படியில் தடுப்பூசிப் பட்டியலுடன் மருமகள் ஸ்வாதி.

"ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்கு எழுதுங்க. இவளை இனிமேல் தனியா வீடு வீடா அனுப்பக் கூடாது," என்றாள் மாரக்காள்.

"அத்தை, வயசானவங்க பத்துப் பேருக்குத்தான் ஊசி பாக்கி. இந்த வேலையை விடச் சொல்லாதீங்க," என்று பட்டியலை நீட்டினாள் ஸ்வாதி.

"கோபிநத்தத்துல இருந்து வந்த தமிழ்க் கிழடுங்ககிட்ட நீ கன்னடத்துல பேசினா, ரேஷன் கார்டைப் புடுங்க வந்த ஆளுன்னு கதவைச் சாத்தத்தானே செய்யும்?"

"சரி, எப்படி முடிக்கட்டும்?" என்றார் தொட்டையன்.

"நாளையில இருந்து தமிழ்ல கூப்பிட மாமியாரும் கூட வருவாள்னு எழுதுங்க. ஊசி போட்டும் நான் கல்லாட்டம் இருக்கறேனே, அந்தக் கிழடுங்க பார்க்கட்டும். இந்தத் தெருவையே காப்பாத்துறவ என் மருமக!"

உறையை ஒட்டித் தபால்பெட்டியில் போட, ஸ்வாதியே ஓடினாள்.