பாதி திறந்த இழுப்பறை

குமகுரா பெட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி உள்ளே கால் வைத்துவிட்டார்.

கண்காட்சிக் கூடத்தின் மறுகோடியில் தேநீரும் கையுமாக நின்றிருந்த இகராஷி அதைப் பார்த்துவிட்டார்.

இருவரும் காமோ ஊர்த் தச்சர்கள். எதிரெதிர்ப் பட்டறை. கிரி என்கிற லேசான மரத்தில் இழுப்பறைப் பெட்டி செய்வது தொழில். காமோக்காரன் கண்ணில் அப்படி ஒரு பெட்டி பட்டுவிட்டால் கை சும்மா இருக்காது. ஏதாவது ஒரு இழுப்பறையை இழுத்து, உள்ளே தள்ளிப் பார்ப்பான். உள்ளிருக்கும் காற்றுக்குப் போக வழியில்லை. அது முட்டிக்கொண்டு போய் இன்னொரு இழுப்பறையை வெளியே தள்ளும். அப்படி வந்தால்தான் அது பெட்டி. வராவிட்டால் விறகு.

இந்தப் பெட்டியை இகராஷி தனியாகச் செய்யவில்லை. ஷிஹோவும் அவரும் சேர்ந்து செய்தது. ஷிஹோ டோக்கியோவிலிருந்து வந்த கலைஞர். கண்ணுக்குத் தெரியாததை எல்லாம் காட்சிக்கு வைக்கிற பெண்.

“காத்தப் பொட்டியில போட்டு வைக்கிறதுக்கு ஒரு கலைஞி, அதுக்கு நீங்க ஒரு தச்சன்” என்று இகராஷியின் மனைவி கூடச் சிரித்தாள்.

ஆனால் அது வெறும் காற்று இல்லை. போன ஜூனில் ஷிஹோவின் அம்மா சாகக் கிடந்தார். பெட்டியை இகராஷி தானே வண்டியில் கொண்டுபோய் அந்த அறையில் வைத்தார். ஒரு வாரம் அதன் மேல் இழுப்பறை தலையணைக்குப் பக்கத்தில் திறந்தபடி கிடந்தது. மூச்சு நின்றதும் ஷிஹோ அதை மூடினாள்.

வருகிற ஜூனில், அம்மாவின் முதல் நினைவு நாளில் அதைத் திறப்பாள். முகத்தை உள்ளே வைத்து ஒரே ஒரு தடவை மூச்சை இழுப்பாள். அதுதான் கலை. அந்த ஒரு மூச்சுக்காகத்தான் இந்தப் பெண் இன்னும் அழாமல் இருக்கிறாள் என்று இகராஷிக்குத் தோன்றும்.

கீழ் இழுப்பறை மட்டும் பாதி வெளியே நின்றது. அம்மா ஒரு நாளும் இழுப்பறையை முழுசாக மூடியதில்லையாம். அப்படியே இருக்கட்டும் என்றாள் ஷிஹோ. யாராவது அதைத் தள்ளினால் மேலே இருப்பது திறந்துகொள்ளும் என்று இகராஷி தலைபாடாக அடித்துக்கொண்டார். கயிறு கட்டிவிடலாம் என்றாள். டோக்கியோவில் கயிற்றுக்கு மரியாதை உண்டு. காமோவில் அது பலகையைக் கட்டுவதற்கு.

“குமகுரா-சான், தொடாதீங்க!”

கூடமே திரும்பிப் பார்த்தது. குமகுராவும் திரும்பினார். பாதி திறந்த இழுப்பறையைப் பார்த்து அவர் கண்ணில் ஏற்கெனவே ஆசை வந்துவிட்டிருந்தது.

“என்னப்பா இது, பொண்ணு பாக்க வந்தவன மூஞ்சியப் பாக்காமப் போகச் சொல்றே?”

உள்ளங்கையை வைத்து ஒரே தள்ளு.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிய இகராஷி பாதி வழியில் நின்றுவிட்டார். ஷிஹோ இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கீழ் இழுப்பறை உள்ளே போய் அடைந்தது.

மேல் இழுப்பறை அசையவில்லை. ஒரு மயிரிழை கூட.

ஷிஹோ அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகை வந்தது. எத்தனையோ மாதமாகத் தேக்கி வைத்திருந்த அழுகை. யாரோ கைதட்டினார்கள். பக்கத்தில் வந்து நின்ற இகராஷியின் கையை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“தெறக்கலை, பாத்தீங்களா? தெறக்கவே இல்ல. அம்மா உள்ளதான் இருக்காங்க.”

இகராஷி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். குமகுராவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை இன்னும் கீழ் இழுப்பறையின் மேலேயே இருந்தது.

கீழே தள்ளிய காற்று மேலே வரவில்லை என்றால் வேறு எங்கோ போயிருக்கிறது. இப்போது போக வழி இருக்கிறதென்றால், முன்பும் இருந்திருக்கிறது.

ஜூன் மழை மாதத்தில் கடைசி இழைப்பு இழைக்கக் கூடாது என்பது காமோவில் எல்லோருக்கும் தெரியும். பலகை ஈரம் குடித்து ஊதியிருக்கும். அப்போது பார்க்க எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும். மழை விடும்வரை காத்திருக்க வேண்டும். ஷிஹோவின் அம்மா காத்திருக்க மாட்டார் என்று மருத்துவர் சொல்லிவிட்டதால் இகராஷி இழைத்துவிட்டார். இப்போது வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே இரவு பகலாக வெப்பக்காற்று ஓடுகிறது. மரம் காய்ந்து சுருங்கிவிட்டது. கண்ணுக்கு இடைவெளி தெரியாது. காற்றுக்குக் கண் தேவையில்லை.

அந்த அறையின் காற்று எப்போதோ போய்விட்டது. இப்போது உள்ளே இருப்பது இந்தக் கூடத்தின் காற்று. வந்து போனவர்களின் ஈரக் கோட்டு வாடை.

குமகுரா வாயைத் திறப்பதற்காக இகராஷி காத்திருந்தார். சொல்லட்டும், ஊரே சிரிக்கட்டும், தொலையட்டும் என்றிருந்தது.

குமகுரா தரையில் அழுதுகொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார். இழுப்பறையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

“நல்ல வேலைப்பா, இகராஷி” என்றார்.

அந்த மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை இகராஷி கேட்டதே இல்லை. செருப்பால் அடித்திருந்தால் தேவலை. குமகுரா யார் முகத்தையும் பார்க்காமல் கயிற்றைத் தாண்டிப் போய்விட்டார்.

ஷிஹோ மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இகராஷியின் கையை அவள் இன்னும் விடவில்லை.

“ஜூன்ல நீங்களும் வரணும், இகராஷி-சான். உங்க கையாலதான் தெறந்து குடுக்கணும்.”

“வரேம்மா” என்றார் இகராஷி.