கைப்பழக்கம்

ஸ்ரீபெரும்புதூர்ப் பட்டறையில் பந்தயக் கார் எஞ்சின்களைப் பூட்டுவது ஜெசிந்தாவும் ஓர் இயந்திரக் கையும். அவள் கணவன் அமல்ராஜின் விரல்கள் விபத்தில் மரத்துப்போவதற்கு முன்பே அவன் கைப்பழக்கம் முழுவதையும் அதில் பதிவுசெய்துவிட்டார்கள். இப்போது அவனுக்கு மேற்பார்வை மட்டும்தான்.

அன்று எண்ணூறு குதிரைத்திறன் எஞ்சினில் சூப்பர்சார்ஜரைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா கேட்கும் முன்பே இயந்திரக் கை ஸ்பேனரை நீட்டியது. பிறகு அவள் நெற்றியில் விழுந்த முடியை மெல்ல ஒதுக்கியது. அவள் சிரித்தாள்.

அமல்ராஜ் இயந்திரக் கையின் சுவிட்சை அணைத்தான்.

“ஏங்க நிறுத்துனீங்க?”

“அது எதுக்கு உன்னைத் தொடுது?”

“உங்க பழக்கம்தானே. அப்பல்லாம் இப்படித்தான் ஒதுக்கிவிடுவீங்க.”

அவன் மரத்த விரல்களை அவள் நெற்றிக்குக் கொண்டுபோனான்.

“இன்னைக்கு எஞ்சினை முடிக்கணுங்க” என்று விலகிக்கொண்ட ஜெசிந்தா, சுவிட்சைப் போட்டாள்.