எனக்கு மட்டும் பூங்கொடி

கலை வரலாற்று வகுப்பில் மெய்நிகர்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சிவன்கோயில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இந்தப் பூங்கொடி அழகா இருக்கு மேடம்," என்றேன். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது.

"எது பூங்கொடி? சமணச் சாமியாருங்களைக் கழுவுல ஏத்தியிருக்காங்கடி," என்றாள் பக்கத்திலிருந்த ரெஜினா.

கண்ணாடியின் ஓரத்தில் சின்ன எழுத்து ஓடியது: 'ஜினமதி, சமணர். உங்கள் மனம் புண்படும் காட்சி மறைக்கப்பட்டுள்ளது.'

"அந்த மறைப்பை எடுத்துடுங்க மேடம்."

"முடியாதும்மா. எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

"செத்தது எங்க ஆளுங்க! மத்தவங்க எல்லாம் பாக்கலாம், நான் மட்டும் பாக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

ரெஜினா தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள். மாட்டினேன். நான்கு முனிவர்கள் ஒரு நொடி தெரிந்தார்கள். அதற்குள் அந்தக் கண்ணாடி என் விழியை அடையாளம் கண்டுகொண்டது. ஒவ்வொரு கழுமரத்திலும் பூ மலர்ந்தது.