பக்கத்துத் தலையணை

பல் மருத்துவக் கல்லூரியின் சின்ன அறையில், அவள் கணவரின் தூக்கத்தை இன்னொரு பெண் ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடு அமைதியாக ஓடியது. திடீரென்று கம்பளிப்பூச்சி மாதிரி சிலிர்த்தது. கூடவே சத்தம்.

நறநற.

"இது தாடைத் தசை, ஆன்ட்டி. அங்கிள் தூக்கத்துல பல்லைக் கடிக்கிறப்பல்லாம் இப்படி வரும். ராத்திரி முழுக்க பக்கத்து ரூம்ல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன்."

பெயர் ரெஜினா. பல் கடிப்பவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம். தூங்காத கண்ணிலும் ஒரு களை.

"அடுத்த வாரம் பல்லுக்கு உறை போட்டுடுவோம். அப்புறம் சத்தமே வராது. வீட்லயும் இப்படித்தானா? பக்கத்துல படுக்கிறவங்களுக்குத்தானே தெரியும்."

அவள் கை கூந்தலுக்குப் போனது. அதன் மறைவில் காது மெஷின் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து, படுக்கும்போது கழற்றி டப்பாவில் வைத்துவிடுவாள். அப்புறம் இடி விழுந்தாலும் தெரியாது.

"தினமும் கேக்குறதுதான்" என்றாள்.

பொய். கூசாமல் வந்தது. ரெஜினா அதைக் குறித்துக்கொண்டாள்.

திரும்பும்போது ஆட்டோவில் கணவர் வேறு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினார்.

"பாவம், அந்தப் பொண்ணு விடிய விடியத் தூங்கலையாம்."

வயர் ஒட்டியிருந்த இடம் அவர் கன்னத்தில் வட்டமாகச் சிவந்திருந்தது.

அவளுக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவள் இவள். கேட்டவள் அந்தப் பெண். அதுவும் ஒரே ராத்திரியில்.

சிரிக்க வேண்டாம். பொறாமைக்கு வயதும் தெரியாது, நியாயமும் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அவர் கட்டிலில் சாய்ந்தார். மளிகைக் கடை வைத்த நாளிலிருந்து பகலில் கண்ணயராத மனிதர். புது இடத்தில் சரியாகத் தூங்கவில்லை.

அவள் உலை வைக்கவில்லை. ஃபேனை அணைத்தாள். காது மெஷினில் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு தலையணை அருகே உட்கார்ந்தாள்.

தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள். சமையலறையில் ஃப்ரிட்ஜ் முனகியது. அவர் மட்டும் சத்தமே இல்லாமல் தூங்கினார்.

அவளுக்கென்றால் ராத்திரி முழுக்கக் கடிக்கத் தெரிகிறது. எனக்கென்றால் கசக்கிறதா?

எழப்போனாள்.

நறநற.

கம்ப்யூட்டரில் கேட்டது இதில் பாதிகூட இல்லை. அம்மியில் கல்லுப்பு அரைபடுகிற மாதிரி இருந்தது. சிவந்த வட்டத்துக்கு அடியில் தாடை புடைத்து, அடங்கி, மறுபடி புடைத்தது.

அந்த வட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கைக்குள்ளும் நறநறத்தது.

அவர் விழித்துக்கொண்டார். கழுத்தெல்லாம் வியர்வை.

"கடிச்சேனா?"

"இல்லையே."

அவர் மேலே ஃபேனைப் பார்த்தார். "கரண்ட் போயிடுச்சா?"

"ஆமா. பேசாமத் தூங்குங்க."

சமையலறையில் ஃப்ரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது.