தண்டவாளத்தில் அடங்கிய எஞ்சின்

உலகமே நின்றாலும் பெட்ரோலோடு பேட்டரியும் கைகொடுக்கும் தன் டர்போ மைல்ட் ஹைபிரிட் கார் நிற்காது என்பது கதிரவனின் சித்தாந்தம். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில், ரயில்வே கேட்டுக்குள் முன்னால் போன கரும்பு டிராக்டர் நின்றது. அவனும் நிறுத்தி, நியூட்ரலுக்கு வந்து கிளட்சிலிருந்து காலை எடுத்தான். தண்டவாளத்தின் மேலேயே எஞ்சின் அடங்கியது. கேட் மணி அடிக்கத் தொடங்கியது.

அவன் கதவைத் திறந்தான். "டர்போ போச்சா, பேட்டரி போச்சான்னு தெரியலயே. எறங்கு சத்யா, ஓடிடலாம்."

"ஏங்க, அந்த கிளட்ச..."

மனைவி முடிப்பதற்குள் அவன் வயல் வரப்பில் நின்றிருந்தான்.

சத்யப்பிரியா ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்து, கதவைச் சாத்தி, கிளட்சை மிதித்தாள். எஞ்சின் உயிர் பெற்றது. டிராக்டர் நகர, காரும் கேட்டைத் தாண்டியது.

மூச்சிரைக்க வந்தவனிடம் சொன்னாள்: "வண்டி நின்னா எஞ்சின் தானா அடங்கும். கிளட்ச மிதிச்சா திரும்ப வரும்."

பெட்ரோல் மிச்சமாகும் என்று அந்த வசதியைச் சொல்லித்தான் கதிரவன் மாமனாரிடம் கேட்டு இந்தக் காரை வாங்கித் தரச் செய்திருந்தான்.