பெரிசு ரிட்டயர் ஆகிறார்

வீடியோ கேம் அணியில் எல்லோரும் அவரைப் ‘பெரிசு’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“பெரிசு, ஃபைனல்ல நீங்க ஆட வேணாம். எதிரியைப் பார்த்தும் பட்டனை அமுக்க அரை செகண்ட் லேட்டாகுது,” என்றார் மேனேஜர்.

“ஒன்பது கோப்பை ஜெயிச்ச கை சார் இது! எங்க காலத்துல தோத்தா, ஏன் தோத்தோம்னு உட்கார்ந்து மண்டையை உடைச்சுக்குவோம். இந்தப் பொடிசுங்க, தோத்த சூடு ஆறுறதுக்குள்ள அடுத்த கேமுக்குத் தாவுதுங்க.”

“அந்த வேகம்தான் எனக்கு வேணும். கௌரவமா ஓய்வை அறிவிச்சிடுங்க.”

பெரிசு ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். பொடிசுகள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

வீட்டில், ஆபீஸிலிருந்து அப்போதுதான் வந்த அப்பா ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“அப்பா, நான் ரிட்டயர் ஆயிட்டேன்.”

“இருபத்திரண்டு வயசிலயா? எனக்கே இன்னும் எட்டு வருஷம் சர்வீஸ் இருக்குடா!”