கேமரா முன் எஸ்தர்

விழுப்புரம் தாண்டியதும் முறுக்கைக் கடித்ததில், எஸ்தரின் கடைவாய்ப்பல்லுக்குப் போட்டிருந்த கேப் கழன்று வந்துவிட்டது. வலி காதுவரை விண்விண்ணென்று தெறித்தது. புருஷன் தாசன் அவளை ரயில் பெட்டியின் கோடியிலிருந்த மருந்து மெஷின் முன் கொண்டுபோய் நிறுத்தினான். அதன் கேமரா முகத்தைப் பார்த்து, வலி உண்டென்று ஒப்புக்கொண்டால்தான் மாத்திரை விழும்.

எஸ்தர் நிமிர்ந்தாள். உதடு தானாக விரிந்தது.

"வலி இல்லை. இனிய பயணம்" என்றது மெஷின்.

"உயிர் போற நேரத்துல எதுக்குடி இளிக்கிற?"

"நான் வேணும்னா இளிக்கிறேன்?"

பதினோரு வருஷமாகப் புடவைக் கடை வேலை. அங்கே கேமராவில் சிரிப்பு ஒரு நிமிஷம் குறைந்தாலும் சூப்பர்வைசர் வந்து நிற்பார். இப்போது எந்தக் கேமராவைக் கண்டாலும் இந்தப் பாழாய்ப்போன மூஞ்சி மலர்ந்துகொள்கிறது.

உதட்டை இரண்டு கையாலும் கீழே இழுத்துப் பிடித்தாள்.

"முகத்தை மறைக்காதீர்கள்."

கையை எடுத்தாள். சிரிப்பு திரும்பி வந்தது. வலி தாங்காமல் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"ஆனந்தக் கண்ணீர். வாழ்த்துகள்!"

நாசமாய்ப் போ என்று கத்தத்தான் எஸ்தர் வாயைத் திறந்தாள்.

"நன்றிங்க, மறுபடியும் வாங்க" என்றது வாய்.